பிளாஸ்மா தோற்ற இடம்

பிளாஸ்மா தொலைக்காட்சியின் காலம் 2014ஆம் ஆண்டோடு முடிந்தது. பயனியர் நிறுவனம் 2009 தொடக்கத்திலேயே விலகுவதாக அறிவித்துவிட்டது. பானசோனிக் 2013 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. சாம்சங்கும் எல்ஜியும் அடுத்த ஆண்டு நவம்பரில் கடையைக் கட்டின. மறைந்துபோன அந்தத் திரையைப் பற்றி இன்று எல்லார் வாயிலும் இருப்பது ஒரே தீர்ப்புதான்: பிளாஸ்மா மின்சாரத்தைக் குடித்தது, சூடேறியது, உள்ளே அடைத்த வாயு தீர்ந்துபோனது, அசையாத படம் திரையில் தழும்பானது, ஆகவே அதைவிடத் தரமான எல்சிடி வந்ததும் ஒழிந்தது.

இந்தக் குற்றப்பட்டியலில் சில உண்மை, சில பாதி உண்மை, ஒன்று முழுப் பொய். பெரிய பிழை இருப்பது ‘ஆகவே’ என்ற சொல்லில். வெளிச்சம் குறைந்த அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு, பிளாஸ்மா விற்பனையில் இருந்த காலம் முழுவதும் எல்சிடி அதற்கு ஈடான படத்தைக் காட்டியதில்லை. பிளாஸ்மா தோற்றது உண்மை. தோற்ற இடம் படத்தின் தரம் என்பது உண்மையல்ல. திரை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும்.

பிளாஸ்மா திரை இரண்டு கண்ணாடித் தகடுகளால் ஆனது. அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பின்தகட்டின்மேல் எழுப்பப்பட்ட மெல்லிய வரப்புகள் அந்த இடைவெளியை வயலில் பாத்தி கட்டியதுபோல் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வோர் அறையின் அடியிலும் சுவரிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு நிறத்தில் ஒளிரும் பாஸ்பர் பூச்சு. அறைக்குள் நியானும் செனானும் கலந்த வாயு. முன்தகட்டில் ஓடும் மின்முனைகளுக்கு 200 வோல்ட் அளவிலான மின்துடிப்பு தரப்படும்போது வாயு அயனியாகிப் பிளாஸ்மா நிலையை அடைகிறது. கிளர்ந்த செனான் 147, 173 நானோமீட்டர் அலைநீளங்களில் புற ஊதாக் கதிரை உமிழ்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் பாஸ்பரில் பட்டு, கண்ணுக்குத் தெரியும் நிறமாக வெளிவருகிறது. வீட்டு ட்யூப் லைட்டும் இதே முறையில்தான் எரிகிறது. அங்கே புற ஊதாவைத் தருவது பாதரச ஆவி, இங்கே செனான். முழு எச்டி திரையில் 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு மூன்று அறைகள். ஆக, ஏறத்தாழ 62 லட்சம் குட்டி ட்யூப் லைட்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு.

அறையின் உட்புறத்தில் முன்தகட்டை மூடியிருக்கும் மக்னீசியம் ஆக்சைடு படலம் இந்த அமைப்பின் உயிர்நாடி. அயனி வந்து மோதும்போது அது எளிதில் எலெக்ட்ரான்களை உதறுகிறது. அதனால் குறைந்த மின்னழுத்தத்திலேயே வாயு பற்றிக்கொள்கிறது. அடியிலுள்ள மின்காப்புப் படலத்தை அயனிகளின் தாக்குதலிலிருந்து காப்பதும் அதுவே. ஒருமுறை பற்றிய அறையின் சுவரில் மின்னூட்டம் தங்கிவிடும். அடுத்த துடிப்பு வரும்போது அந்த அறை மட்டும் மீண்டும் பற்றும். பக்கத்து அறை இருண்டே இருக்கும். அதாவது, தான் எரிந்ததா இல்லையா என்பதை அறையே நினைவில் வைத்துக்கொள்கிறது.

இந்த நினைவுக்காகவே பிளாஸ்மா திரை பிறந்தது. 1964இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, அவர்களுடைய மாணவர் ராபர்ட் வில்சன் ஆகிய மூவரும் ‘பிளேட்டோ’ என்ற கணினிவழிக் கல்வி அமைப்புக்காக இதை உருவாக்கினார்கள். கணினி நினைவகம் பொன்விலை விற்ற காலம் அது. திரையில் தெரியும் படத்தை நினைவகத்தில் வைத்திருந்து நொடிக்குப் பலமுறை அனுப்பிக்கொண்டிருப்பது கட்டுப்படியாகாது. ஒருமுறை எழுதினால் தானே வைத்துக்கொள்ளும் திரை தேவைப்பட்டது. தொடக்கத்தில் அது நியானின் ஆரஞ்சு நிறத்தை மட்டுமே காட்டியது. 1992இல் ஃபுஜிட்சு 21 அங்குல வண்ணத் திரையைக் கொண்டுவந்தது. 1997இல் 42 அங்குலத் திரைகள் கடைக்கு வந்தபோது பிலிப்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் வைத்த விலை 14,999 டாலர்.

அறைக்கு எரிவது, அணைவது என்ற இரண்டு நிலைகளே உண்டு. பாதி எரிவது கிடையாது. அப்படியானால் சாம்பல் நிறம் எங்கிருந்து வருகிறது? நேரத்திலிருந்து. நொடிக்கு 60 முறை வரும் ஒவ்வொரு படத்தையும் எட்டு, பத்து துணைப்படங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எண்ணிக்கையில் துடிப்புகளைத் தருகிறார்கள். 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 128 வரை போகும் எட்டு துணைப்படங்களைச் சேர்த்தும் விட்டும் 256 படிநிலைகளைப் பெறலாம். கண் அத்தனை துடிப்புகளையும் கூட்டி ஒரே வெளிச்சமாகக் கொள்கிறது. விளம்பரங்களில் வந்த ‘600 ஹெர்ட்ஸ்’ என்பது 60ஐப் பத்துத் துணைப்படங்களால் பெருக்கி வந்த எண்; நொடிக்கு 600 வெவ்வேறு படங்கள் வந்ததாக அதற்குப் பொருள் இல்லை. வாங்குபவரைத் தவறாக எண்ணவைத்த விளம்பரம் அது. பிளாஸ்மாவின் சார்பில் பேசுபவரும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

எல்சிடி இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. அதில் புள்ளிகள் ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்க, முன்னால் உள்ள திரவப் படிகம் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திரும்பி, இரண்டு போலராய்டு தாள்களின் உதவியோடு ஒளியை விடுகிறது அல்லது தடுக்கிறது. ‘எல்இடி டிவி’ என்ற பெயரில் விற்பதும் இதே எல்சிடிதான். பின்விளக்கில் குழல் விளக்குக்குப் பதிலாக எல்இடி வந்திருக்கிறது, அவ்வளவே. முதல் போலராய்டு தாளிலேயே பாதி ஒளி போய்விடுகிறது. நிற வடிகட்டி மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்குகிறது. பிறந்த ஒளியில் சிறு பகுதியே பார்ப்பவரை எட்டுகிறது. கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கில் வெளிச்சம் கசிவதுபோல், கருமை காட்ட வேண்டிய இடத்திலும் பின்விளக்கு கசிகிறது. இரவுக் காட்சி நீலம் பாரித்த சாம்பலாகத் தெரிவது இதனால்தான்.

பிளாஸ்மாவில் அணைந்த அறை ஒளியைப் பிறப்பிப்பதே இல்லை. முழுக் கருமைக்கு அங்கும் ஒரு தடை இருந்தது: அறை உடனே பற்றுவதற்குத் தயாராக இருக்க, படத்துக்குப் படம் ஒரு மெல்லிய முன்துடிப்பு தர வேண்டியிருந்தது, அது மங்கலாக ஒளிர்ந்தது. 2007இல் வந்த பயனியர் ‘குரோ’ வரிசை இந்த மங்கலைக் கிட்டத்தட்ட ஒழித்தது. ஜப்பானியச் சொல் ‘குரோ’வுக்குப் பொருளே கருப்பு. 2008இல் வந்த அதன் அடுத்த தலைமுறையில் கருமையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 0.01 கேண்டெலாவுக்கும் கீழே இறங்கியது. அன்றைய சாதாரண எல்சிடிகளால் அந்த அளவை நெருங்க முடியவில்லை. பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் உத்தியால் பின்னாளில் எல்சிடி கருமையைக் கூட்டியது. ஆனால் பகுதிகளின் எண்ணிக்கை நூறுகளிலும் ஆயிரங்களிலும் நிற்கிறது, புள்ளிகளோ லட்சக்கணக்கில். இருண்ட வானத்தில் நிலவைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம் தெரிவது இந்தக் கணக்கின் விளைவு.

பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் பிளாஸ்மாவில் நிறம் மாறாது. பாஸ்பர் எல்லாத் திசைகளிலும் ஒரே சீராக ஒளிர்கிறது. எல்சிடியில் கருமை நன்றாக உள்ள வகையில் பக்கப் பார்வை வெளுக்கிறது. பக்கப் பார்வை நன்றாக உள்ள வகையில் கருமை குறைகிறது.

அசைவு இன்னும் முக்கியமானது. எல்சிடி ஒரு படத்தை அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்துவைத்திருக்கிறது. ஓடும் பந்தைக் கண் தொடர்ந்து போகிறது, படமோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதனால் பந்து இழுபட்டுத் தெரிகிறது. திரவப் படிகத்தின் வேகத்தைக் கூட்டினாலும் இந்த மங்கல் முழுதாகத் தீராது. இடையில் கற்பனைப் படங்களைச் செருகித் தீர்க்கப் பார்த்தார்கள். அதனால் திரைப்படம் மெகாசீரியல் சாயலுக்கு மாறியது. பிளாஸ்மா ஒளியைத் துடிப்புகளாகத் தருவதால் அசைவு கூர்மையாக நிற்கிறது. அதிலும் குறை உண்டு: பச்சைப் பாஸ்பர் அணையச் சற்று நேரம் எடுப்பதால் வேகமான வெள்ளைப் பொருளின் ஓரத்தில் பச்சைக் கோடு தெரியும், இருண்ட சாயல்களில் புள்ளி இரைச்சலும் உண்டு. இவற்றை எல்லாம் கழித்த பிறகும், கிரிக்கெட் பந்தைக் காட்டப் பிளாஸ்மாவே மேல்.

இனிக் குற்றப்பட்டியலுக்கு வரலாம். வாயு கசிந்து தீர்ந்துவிடும், திரும்ப நிரப்ப வேண்டும் என்பது முழுப் பொய். அறைகளில் உள்ள வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. கண்ணாடியில் விரிசல் விழுந்தால் உள்ளிருப்பது வெளியே கசியாது. வெளிக்காற்றுதான் உள்ளே புகும், திரை கெட்டுப்போகும். டேங்கில் பெட்ரோல் குறைவதுபோல் வாயு மெல்லத் தீர வழியில்லை; நிரப்பும் துளையும் கிடையாது. அழுத்த வேறுபாட்டால் வந்த உண்மையான தொல்லை வேறு: மிக உயரமான மலையூர்களில் வெளிக்காற்று அழுத்தம் குறைவதால், தகடுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும் விசை தளர்ந்து, திரை ரீங்காரமிடும். சமவெளியில் இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

ஆயுளில் தேய்வது பாஸ்பர். வெளிச்சம் தொடக்க அளவில் பாதியாகக் குறையும் நேரத்தையே ஆயுளாகக் கொள்கிறார்கள். 2000களின் பிற்பகுதியில் பானசோனிக் அறிவித்த கணக்கு 1,00,000 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் 34 ஆண்டுகள். தயாரிப்பாளர் சொல்லும் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டாலும் 11 ஆண்டுகள் வருகிறது.

பர்ன்-இன் எனப்படும் தழும்பு உண்மையான குறை. அதைப் புரிந்துகொள்ள இரண்டு நிகழ்வுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, நிலையான படம் போன பிறகும் சிறிது நேரம் நிழல்போல் தெரிவது. அறைச் சுவர்களின் நிலை சற்று மாறியதால் வருவது, வேறு படம் ஓடினால் போய்விடும். இரண்டாவது நிரந்தரமானது. அலைவரிசைச் சின்னம் திரையின் ஒரே மூலையில் மாதக்கணக்கில் எரிந்தால், அந்த இடத்துப் பாஸ்பர் மற்ற இடங்களைவிட அதிகம் தேய்ந்து, அச்சு விழும். 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் விற்ற திரைகளில் இது எளிதில் நேர்ந்தது. விமான நிலையங்களிலும் கடைகளிலும் ஒரே அட்டவணையைக் காட்டி நாள்முழுதும் எரிந்த திரைகளில் விழுந்த தழும்புகளே இந்தத் தொழில்நுட்பத்தின் பெயரைக் கெடுத்தன. பின்னர் பாஸ்பரின் உறுதி கூடியது; படத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அவ்வப்போது நகர்த்தும் ஏற்பாடும் வந்தது. 2010க்குப் பிறகு வந்த நல்ல திரையில், பலவகை நிகழ்ச்சிகளைக் கலந்து பார்க்கும் வீட்டில், தழும்பு விழுவது அரிது. நாள்முழுதும் ஒரே செய்தி அலைவரிசை ஓடும் வீட்டுக்கோ, மணிக்கணக்கில் ஒரே விளையாட்டின் புள்ளிப்பட்டை நிற்கும் வீட்டுக்கோ பிளாஸ்மா ஏற்றதல்ல என்பதும் சரியே.

ஆனால் இந்தக் குறையை வைத்துப் பிளாஸ்மாவைத் தள்ளியவர்கள் இன்று ஓஎல்இடி திரையைத் தலைசிறந்தது என்கிறார்கள். ஓஎல்இடியும் தானே ஒளிரும் புள்ளிகளால் ஆனது, அதன் கரிமப் பொருளும் எரிய எரியத் தேய்கிறது, தழும்பும் விழுகிறது, தடுக்கப் படத்தை நகர்த்தும் அதே உத்தியைத்தான் கையாள்கிறார்கள். ஒளியைத் தானே பிறப்பிக்கும் எந்தப் பொருளும் தேயும். பழைய பிக்சர் ட்யூப் பெட்டியும் தழும்பு வாங்கியதுதான். ஒரே குறையை ஒரு திரையில் கொலைக்குற்றமாகவும் மற்றொன்றில் சிறு தொந்தரவாகவும் எண்ணுவது நியாயமான ஒப்பீடு ஆகாது.

மின்சாரக் குற்றச்சாட்டில் பிளாஸ்மாவுக்குத் தப்ப வழியில்லை. மின்சாரத்தை ஒளியாக மாற்றும் திறன் அதில் குறைவு. எல்இடி பின்விளக்கு வந்த பிறகு இடைவெளி இன்னும் விரிந்தது. எனினும் அந்த இடைவெளியை அளந்த முறை பெரும்பாலும் தவறு. எல்சிடியின் பின்விளக்கு, படம் எதுவானாலும் ஏறத்தாழ ஒரே அளவில் எரியும். பிளாஸ்மாவின் செலவு படத்தைப் பொறுத்தது: பனிமலைக் காட்சியில் ஏறும், இரவுக் காட்சியில் வெகுவாக இறங்கும். பெட்டியின் பின்னால் ஒட்டிய தகட்டில் இருப்பது உச்ச அளவு. அதை எடுத்து நாளின் மணிகளால் பெருக்கி மின்கட்டணம் கணக்கிட்டவர்கள் உண்மையைவிட மிகப் பெரிய எண்ணைப் பெற்றார்கள். இரண்டு திரைகளுக்கும் இடையே 100 வாட் வேறுபாடு என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 5 மணி நேரம் பார்த்தால் அரை யூனிட், மாதத்துக்கு 15 யூனிட். வீட்டு பட்ஜெட்டில் தெரியும் செலவுதான். குடும்பத்தைக் கவிழ்க்கும் செலவல்ல. கலிபோர்னியா மாநிலம் 2009இல் தொலைக்காட்சிகளின் மின்செலவுக்கு வரம்பு வகுத்து 2011இல் நடைமுறைப்படுத்தியது. பிளாஸ்மா அதற்குப் பிறகும் அங்கே விற்றது.

அப்படியானால் பிளாஸ்மா எங்கே தோற்றது? முதலில் ஷோரூமில். கடையின் வெள்ளை வெளிச்சம் பிளாஸ்மாவின் கண்ணாடியில் பட்டுப் பிரதிபலித்தது. அதைவிட மோசம், பாஸ்பர் பூச்சே வெளிறிய நிறமுடையது. வெளிச்சம் அதன்மேல் விழுந்தால் கருமை சாம்பலாகிவிடும். எல்சிடியின் போலராய்டு தாளோ வெளி வெளிச்சத்தைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்கிறது. திரை முழுதும் வெள்ளையாகும்போது பிளாஸ்மா மின்சாரத்தைக் கட்டுப்படுத்தத் தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எல்சிடி பளீரென்று எரியும். வீட்டில் இரவு எட்டு மணிக்குப் பார்க்கப்போகும் திரையை, பகல் வெளிச்சத்தை மிஞ்சும் கடையில் வைத்து மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டாவது இடம் வாயு அறையின் அளவு. வாயு பற்றி எரிய இடம் வேண்டும். அறை சுருங்கச் சுருங்க, மின்துகள்கள் சுவரில் மோதி வீணாகும் பங்கு கூடுகிறது, வரப்புகள் அடைக்கும் பரப்பும் கூடுகிறது, ஒளி குறைகிறது. 2012இல் பானசோனிக்கும் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து 7680 × 4320 புள்ளிகள் கொண்ட பிளாஸ்மா திரையைக் காட்டின. அதன் அளவு 145 அங்குலம். ஒரு புள்ளியின் அகலம் 0.42 மில்லிமீட்டர். 55 அங்குலத்தில் 4கே தர வேண்டுமானால் புள்ளி 0.32 மில்லிமீட்டருக்கு இறங்க வேண்டும். அதற்குள் மூன்று அறைகளும் வரப்புகளும் அடங்க வேண்டும். வீட்டுச் சந்தை கேட்ட விலையில், கேட்ட வெளிச்சத்தில் அது நடக்கவில்லை. தொழில்நுட்பம் என்ற முறையில் பிளாஸ்மாவின் உண்மையான எல்லை இதுதான். மிகை வெளிச்சத்தை வேண்டும் எச்டிஆர் படமுறையும் அந்த எல்லைக்கு அப்பால்தான் இருந்தது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, தொழிற்சாலைக் கணக்கு. கடிகாரம், கால்குலேட்டர், மடிக்கணினி, கணினித் திரை, கைபேசி, தொலைக்காட்சி என்று எல்சிடிக்கு வேலை இல்லாத பொருளே இல்லை. ஓரிடத்தில் போட்ட முதலும் கற்ற பாடமும் மற்ற இடத்துக்கு உதவின. தைவானும் கொரியாவும் பின்னர் சீனாவும் ஆலைகளைக் கட்டிக்கொண்டே போயின. பிளாஸ்மாவை 30 அங்குலத்துக்குக் கீழே லாபமாகச் செய்ய முடியாது. அதை நம்பி இருந்த பொருள் பெரிய தொலைக்காட்சி ஒன்றே. பானசோனிக் அமகசாகி நகரில் ஆலைமேல் ஆலை எழுப்பியது. பின்னர் 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அந்நிறுவனம் கண்ட மொத்த நஷ்டம் 77,000 கோடி யென்னைத் தாண்டியது. தொலைக்காட்சித் தொழில் அதில் ஒரு காரணம்.

நஷ்டம் வந்ததே தொழில்நுட்பம் தாழ்ந்தது என்பதற்குச் சான்று என்று வாதிடுவோர், எல்சிடியின் முதல்வனாக இருந்த ஷார்ப் நிறுவனத்தையும் பார்க்க வேண்டும். அன்று உலகின் மிகப் பெரிய கண்ணாடித் தகடுகளைக் கையாண்ட ஆலையை அது 2009இல் சகாய் நகரில் திறந்தது. 2013 மார்ச்சில் முடிந்த ஆண்டில் அதன் நஷ்டம் 54,000 கோடி யென்னுக்கு மேல். 2016இல் தைவானின் ஃபாக்ஸ்கான் அதை வாங்கியது. 2024இல் சகாய் ஆலை தொலைக்காட்சித் திரை உற்பத்தியை நிறுத்திவிட்டது. தோற்ற பிளாஸ்மாவை நம்பியவரும் நொடிந்தார், வென்ற எல்சிடியை நம்பியவரும் நொடிந்தார். திரையின் தரத்தை லாப நஷ்டக் கணக்கிலிருந்து படித்தறிய முடியாது.

பானசோனிக் தன் கடைசிப் பிளாஸ்மாக்களைத் தயாரித்த 2013இலேயே எல்ஜியின் 55 அங்குல ஓஎல்இடி கடைக்கு வந்தது. புள்ளிக்குப் புள்ளி தானே ஒளிர்ந்து தானே அணையும் திரை என்பதே அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. அமெரிக்காவில் அதற்கு வைத்த விலை, 16 ஆண்டுகளுக்கு முன் 42 அங்குலப் பிளாஸ்மாவுக்குப் பிலிப்ஸ் வைத்த அதே 14,999 டாலர்.